தோட்டத்துத் தனிமையும் பாட்டின் நினைவும்: மலாக்கா வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் குடியேற்றப் பதிவுகள், தொழிலாளர் துறை அறிக்கைகள், தொழிற்சங்க ஆவணங்கள் ஆகியவற்றையே பெரும்பாலும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். எத்தனை பேர் கப்பலேறி வந்தனர், என்ன கூலி பெற்றனர், எந்தச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டனர் என்பனவற்றை இச்சான்றுகள் தெளிவாகவே கூறுகின்றன. ஆனால், விடியுமுன் இருட்டில் தமக்குரிய நிரையில் தனித்து நின்று மரம் வெட்டிய ஒருவர் அந்நேரத்தில் என்ன பாடினார், ஏன் பாடினார் என்பதை அவை கூறுவதில்லை. அதனைக் கூறவல்லது பாட்டும் அதனைப் பாடியவரின் நினைவுமே ஆகும்.

அண்மைக் காலத்தில் மலேசியத் தமிழ் இளைஞரிடையே தோட்ட வாழ்க்கையை நினைவுகூரும் இசைக் காணொளிகளை உருவாக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. இடிந்த லயத்து வீடு, செம்மண் பாதை, தனித்து அமர்ந்திருக்கும் மூதாட்டி, பின்னணியில் ஒரு குழலோசை என்பன இவற்றில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் காட்சிகள். சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் மாணவர் அறுவர் மலாக்கா மாநிலத்தின் ஜாசின் வட்டாரத்தில் இத்தகைய ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை உருவாக்கியபோது நாமும் உடனிருந்தோம். அம்முயற்சியில் எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. தோட்டத் தமிழரின் தனிமை உண்மையில் எங்கே இருந்தது? இன்றைய காணொளிகள் அதனை எங்கே கொண்டுபோய் வைக்கின்றன? இவ்விரண்டையும் வரலாற்று நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

புலம்பும் ஏக்கமும்

கடந்ததை எண்ணி ஏங்கும் மனநிலைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல் தொடக்கத்தில் ஒரு நோயின் பெயராகவே இருந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான்னஸ் ஹோஃபர் என்பார் 1688-இல் தமது மருத்துவ ஆய்வேட்டில் இச்சொல்லை உருவாக்கினார். ஊரைப் பிரிந்து சென்ற படைவீரர்களும் பிறரும் உற்ற மெலிவை அவர் இப்பெயரால் குறித்தார். ஸ்வெட்லானா பொய்ம் 2001-இல் வெளியிட்ட நூலில் இவ்வேக்கத்தை இரு வகையாகப் பிரிக்கிறார். இழந்த வீட்டை அப்படியே மீண்டும் கட்டியெழுப்ப விழைவது ஒன்று. இழப்பை உணர்ந்து, இடைவெளியை ஒப்புக்கொண்டு, அதனைச் சிந்தித்துப் பார்ப்பது மற்றொன்று.

தமிழ் மரபில் இதனினும் பழைமையான ஒரு சொல் நமக்குத் துணைநிற்கிறது. இன்று 'புலம்பு' என்றால் வாய்விட்டு அழுதல், முறையிடுதல் என்றே கொள்கிறோம். தொல்காப்பிய உரியியலோ அச்சொல்லுக்குத் தனிமை என்று பொருள் கூறுகிறது. சங்கப் பாடல்களிலும் அது பிரிந்தோரின் தனிமையைச் சுட்டி வரக் காணலாம். தனிமையைக் குறித்த சொல் காலப்போக்கில் அத்தனிமையில் எழும் ஒலியைக் குறிக்கலாயிற்று. தனித்திருப்பவர் ஒலியெழுப்புவார் என்பதை மொழியே உணர்ந்து வைத்திருந்தது போலும். தோட்டத்துப் பாட்டைப் புரிந்துகொள்ள இச்சொல்லின் இரு பொருளும் நமக்குத் தேவைப்படுகின்றன.

மலாக்காவில் பால்மரமும் தமிழரும்

மலாக்காத் தமிழரின் வரலாறு தோட்டத்தோடு தொடங்கியதன்று. மலாக்கா சுல்தானகக் காலத்திலேயே அங்கு வணிகம் செய்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்தவர்களின் வழிவந்தோர் மலாக்காச் செட்டிகள் ஆவர். டச்சுக்காரர் ஆட்சியின்போது, 1781-இல், தைவநாயகம் செட்டியார் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் பொற்கொல்லர் தெருவில் இன்றும் நிற்கிறது. நகரத் தமிழரின் இந்நீண்ட மரபுக்கு மிகப் பின்னரே தோட்டத் தமிழரின் வருகை நிகழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவின் உட்பகுதிகளில் சீனர்கள் மரவள்ளியைப் பெருமளவில் பயிரிட்டு வந்தனர். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, பால்மரத்தைப் பயிரிடுமாறு தோட்ட உரிமையாளர்களை இடைவிடாது தூண்டினார். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையையும் அவர் செம்மைப்படுத்தினார். அவரது சொல்லை ஏற்றவர்களுள் முன்னோடி மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் ஆவார். அவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவின் ரப்பர் வரலாறு மலாக்கா மண்ணில்தான் வேர்கொண்டது எனலாம்.

பால்மரம் பரவியதும் ஆள் தேவைப்பட்டது. கங்காணி முறையின்கீழ்த் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் அழைத்துவரப்பட்டனர். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி இவ்வருகையை மேலும் விரைவுபடுத்தியது. உதவித்தொகையோடு கூடிய குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தபோது, ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏற்கெனவே நிலைகொண்டுவிட்டன. லயமும் ஆயாக்கொட்டகையும் கள்ளுக்கடையும் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அமைந்த ஒரு தனி உலகம் அங்கு உருவாயிற்று.

இருட்டில் பிறந்த பாட்டு

இவ்வுலகில் தனிமை எங்கே இருந்தது என்பதை அறியப் பால்வெட்டுத் தொழிலின் இயல்பை நோக்குதல் வேண்டும். பால்மரத்தின் உள்ளழுத்தம் குளிர்ந்த விடியற்பொழுதில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். ஆதலின், விடியுமுன்னரே பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குப் பிரிந்து செல்வர். ஒருவருக்குச் சில நூறு மரங்கள். நெற்றியில் கட்டிய விளக்கின் சிறு வெளிச்சத்தில் ஒரு மரத்தின் பட்டையைச் சீவி, மங்கைச் சரிசெய்து, அடுத்த மரத்திற்கு நகர்வர். பக்கத்து நிரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். பாம்புக்கும் காட்டுப் பன்றிக்கும் அஞ்சிய நேரம் அது. வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தையின் நினைவு உறுத்திய நேரமும் அதுவே.

தோட்டத் தொழில்களுள் இதுபோல் தனியே செய்யப்படுவது வேறில்லை. நாற்று நடுவோரும் கதிர் அறுப்போரும் கூடிப் பாடுவர். வேலையின் அசைவு பாட்டின் தாளத்தோடு இயையும். தமிழகத்து வயல்களிலிருந்து இப்பாட்டு மரபைக் கொண்டுவந்தவர்கள், கூடிப் பாட இயலாத ஒரு தொழிலில் அமர்த்தப்பட்டனர். எனவே பாட்டின் பயனும் மாறியது. ஒருவர் பாட, சில நிரைகளுக்கு அப்பாலிருந்து மற்றொருவர் எதிர்ப்பாட்டுத் தொடுப்பார் என்று நாம் சந்தித்த முதியோர் பலரும் கூறினர். அப்பாட்டு, தாம் இன்னும் அங்கே இருப்பதை ஒருவர் மற்றவருக்கு அறிவிக்கும் அடையாளக் குரலாக இருந்தது. தூக்கத்தை விரட்டவும் அச்சத்தைப் போக்கவும் அது துணைசெய்தது. தொல்காப்பியம் கூறும் புலம்பும் இன்று நாம் வழங்கும் புலம்பலும் பால்மரக்காட்டின் இருட்டில் ஒன்றாக நின்றன என்பது மிகையாகாது.

தோட்டப் பாடல்களைத் திரட்டும் பணியில் நம் நாட்டில் ஈடுபட்டோருள் இரா. தண்டாயுதமும் முத்தம்மாள் பழனிசாமியும் குறிப்பிடத்தக்கவர்கள். தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கங்காணியைப் பழிக்கும் பாட்டு, கடல்கடந்த துயரைச் சொல்லும் பாட்டு எனப் பலவகைப் பாடல்கள் தோட்டங்களில் வழங்கின. இவற்றுள் பழிப்பும் நகைச்சுவையும் துயரத்திற்குக் குறையாத இடம் பெற்றிருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

வானொலி, வெண்திரை, ஒலிநாடா

இரண்டாம் உலகப் போருக்குப்பின் தோட்டத்தின் ஓசையுலகம் மாறத் தொடங்கியது. 1946-இல் மலாயா வானொலி நிறுவப்பட்டது. தமிழ் ஒலிபரப்பும் அதில் இடம்பெற்றது. அவசரகாலத்தில் (1948–1960) அரசு தன் செய்தியைக் கொண்டுசேர்க்கும் பொருட்டுத் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பொதுவானொலிப் பெட்டிகளை வழங்கியது. அரசின் நோக்கம் பரப்புரையாயினும், மக்கள் அப்பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தது பாட்டுக்காகவே. தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய இரவுகளும் இக்காலத்தனவே. 1963-இல் தொலைக்காட்சி வந்தது. பின்னர் ஒலிநாடா பரவியபோது, இளையராஜாவின் பாடல்கள் லயத்து வீடுகளின் திண்ணைகளை நிறைத்தன.

இதன் விளைவு இருவகைப்பட்டது. தமிழகத்துத் திரையிசை வழியாகத் தோட்டத் தமிழர் ஒரு பெரிய தமிழுலகோடு இணைந்தனர். அதேவேளையில், தாமே கட்டிப் பாடும் வழக்கம் தளர்ந்தது. பாடியவர்கள் கேட்பவர்களாயினர். நம் மாணவர் சந்தித்த நடுத்தர வயதினர் பலர் தம் தோட்ட வாழ்வை நினைவுகூர்ந்தபோது, தாத்தாவின் நிரைப்பாட்டைவிட 1980-ஆம் ஆண்டுகளின் திரைப்பாடல்களையே முதலில் குறிப்பிட்டனர். தோட்ட நினைவின் இசை எது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. தலைமுறைதோறும் அது மாறுகிறது.

தோட்டத்தின் சிதைவு

1950-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒருங்கே இழந்த தொழிலாளர்க்கு ஒரு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1969-இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதிச் சட்டம் குடியுரிமை பெறாதோரைப் பெரிதும் பாதித்தது. பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். கணவன் இங்கும் மனைவி அங்குமாக, மூத்தவன் இங்கும் இளையவன் அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அப்பிரிவினைச் சுமந்து சென்ற கப்பல்களுள் ஒன்றான 'ரஜூலா'வின் பெயர் முதியோர் நினைவில் இன்றும் அழியாதிருக்கிறது.

அடுத்து வந்த ஆண்டுகளில் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பின்னர், நகரங்களை அண்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. வேலை நின்றபோது லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று, ஏனெனில் அவ்வீடு வேலையோடு ஒட்டியது. இன்று மலாக்காவில் கெமுனிங், காடேக், ரும்பியா, தெபோங் முதலிய இடங்களின் தமிழ்ப்பள்ளிகள் தம் பெயரில் 'தோட்டம்' என்னும் சொல்லைத் தாங்கி நிற்கின்றன. தோட்டச் சமூகம் கலைந்த பின்னும் அச்சொல் பெயர்ப்பலகையில் எஞ்சியுள்ளது.

இசைக் காணொளியில் நினைவு

இச்சிதைவுக்குப் பின்னரே நினைவு கலைப்பொருளாகிறது. 2005-இல் தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' 1960-ஆம் ஆண்டுகளின் தோட்டக் குடும்பம் ஒன்றைச் சித்திரித்தது. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பு, 1980-இல் வெளிவந்த 'நிழல்கள்' படப் பாடலொன்றை எடுத்துச் சொல்லிசையோடு பிணைத்துத் தமிழகத்தையும் திரும்பிப் பார்க்கவைத்தது. தந்தையர் கேட்ட பாட்டை மைந்தர் தம் குரலில் மறுபடி கூறிய முயற்சி அது. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் அடுத்த கட்ட வாழ்வை ஒரு சிறுவனின் கண்வழி காட்டியது. மொழியை வைத்து விருதுகளைப் பிரித்த முறை பெரும் விவாதத்துக்கு உள்ளான 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதினை அது பெற்றது.

தோட்ட நினைவைப் பொருளாகக் கொண்ட இசைக் காணொளிகளுள் உலகெங்கும் பரவியது 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' ஆகும். இதனை எழுதித் தீயுடன் இணைந்து பாடியவர் அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர். 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் வகுத்தது. மனிதரை எண்ணிப் பங்கிட்ட அவ்வரலாறு ஒரு பாட்டியின் வாய்மொழி வழியாகவும் ஒப்பாரியின் சாயல்கொண்ட இசை வழியாகவும் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது.

இப்பாடலில் நாம் கற்கத்தக்கவை இரண்டு. முதலாவது, அது பாட்டியைத் தனியே இருத்தி இரங்கவில்லை. அவரை ஒரு கூட்டத்தின் தலைவியாக நிறுத்துகிறது. நிலத்தை உழைத்து உருவாக்கியவர்க்கு அந்நிலம் உரிமையாகாதது ஏன் என்னும் வினாவும் அதில் உண்டு. இரண்டாவது, பாட்டின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்து 2022-இல் பொதுவெளியில் எழுந்த விவாதமாகும். நினைவு விலைபோகும் பொருளாகும்போது அது யாருடையது என்னும் கேள்வி தவறாமல் எழும்.

ஒரு களப்பணி அனுபவம்

நம் மாணவர் காணொளியைத் தொடங்கியபோது முதற்சிக்கல் மரமாயிற்று. அவர்கள் தேர்ந்த தோட்டத்தில் எங்கும் செம்பனையே நின்றது. பால்மரம் தேடிச் சில கல் தொலைவிலுள்ள ஒரு சிறு உடைமையாளரின் நிலத்திற்குச் செல்ல நேர்ந்தது. இரண்டாம் சிக்கல் வெளிச்சம். விடியுமுன் இருட்டைப் படம்பிடிக்க நம் கருவி இடங்கொடுக்கவில்லை. மாலைப் பொழுதில் எடுத்து, நிறத்தை மாற்றி, விடியல் என்று காட்டினோம். இலைகளின் ஊடே பொன்னொளி பாயும் அழகிய காட்சிகள் கிடைத்தன.

காணொளியில் தோன்றிய மூதாட்டி எழுபது வயதைக் கடந்தவர். பதின்மூன்று வயதில் உளியைப் பிடித்தவர். இடிந்த லயத்தின் படியில் அவரை அமரச் செய்து, தொலைவை நோக்குமாறு கேட்டுக்கொண்டோம். பின்னணியில் ஒரு மாணவர் மெதுவாகக் குழல் வாசித்துச் சேர்த்தார். முதல் தொகுப்பை அவரது வீட்டில், மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், அவருக்குப் போட்டுக் காட்டினோம். முழுவதும் பார்த்துவிட்டு, யார் செத்துப்போனதற்காக இந்தப் பாட்டு என்று அவர் வினவினார். நம்மிடம் விடையில்லை.

பின் அவர் பொறுமையாக விளக்கினார். லயத்துப் படியில் தாம் ஒருநாளும் தனியே உட்கார்ந்ததில்லை என்றார். பத்து வீட்டுப் பேச்சும் ஒரே கூரையின்கீழ்க் கேட்கும் இடம் அது. சண்டையும் சிரிப்புமாக இரைச்சல் ஓயாத இடம். தனிமை அங்கே இல்லை, தீம்பாரில் இருந்தது. அதைவிடப் பெரிய தனிமை இப்போது இந்த மூன்றாம் மாடியில் இருக்கிறது. இதனை ஏன் எடுக்கவில்லை என்பதே அவரது கேள்வியின் சாரம். மாடிப்படி ஏற இயலாத முழங்காலோடு அவர் பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டிருப்பதை நாம் இரண்டு முறை நேரில் கண்டிருந்தோம். ஆயினும், படம்பிடிக்கத் தக்க பொருளாக அது நமக்குத் தோன்றவில்லை.

இவ்விளக்கம் நம் ஆய்வை வேறு திசைக்குத் திருப்பிற்று. நம் காணொளி தனிமையை இடம் மாற்றியிருந்தது. மக்கள் நெருங்கி வாழ்ந்த லயத்தை வெறுமையாகக் காட்டினோம். அச்சமும் களைப்பும் நிறைந்த நிரையை அழகிய ஒளியில் நனைத்தோம். இன்றைய தனிமையை முற்றிலும் விட்டுவிட்டோம். உழைப்பின் கடுமையும் இன்றைய புறக்கணிப்பும் ஒருங்கே மறைந்து, இடையில் ஓர் இனிய சோகம் மட்டும் எஞ்சியது. பொய்ம் வகுத்த முதல்வகை ஏக்கத்திற்கு நாமே சான்றாகிவிட்டோம்.

மற்றொரு விடுபாடும் பின்னர் நமக்குத் தென்பட்டது. 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் தம் குறைகளை முறையிடக் கோலாலம்பூர் நோக்கி நடந்தே சென்றனர். மலாக்காத் தோட்ட வரலாற்றில் மக்கள் ஒன்றுகூடி நின்றமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. நம் காணொளியிலோ எவரும் நடக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்திருந்தனர்.

இரண்டாம் தொகுப்பில் குழலை நீக்கினோம். விடியுமுன் நிரையில் ஒலிப்பதிவு மட்டும் செய்து, கறுத்த திரையின்மேல் ஒன்றரை நிமிடம் அவ்வொலியை ஓடவிட்டோம். மூதாட்டி தாம் அறிந்த எதிர்ப்பாட்டொன்றைத் தம் வீட்டு வாயிலில் நின்று பாடினார். கீழ்மாடியிலிருந்து அவரது பழைய தோட்டத்து உறவினர் ஒருவர் எதிர்க்குரல் கொடுத்தார். அவ்வாறு செய்யுமாறு நாம் எவரையும் கேட்டிருக்கவில்லை. காணொளியில் தம் பெயரைப் போட வேண்டாம், தோட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் போடுங்கள் என்பதே மூதாட்டி விதித்த ஒரே நிபந்தனை. அவ்வாறே செய்தோம்.

நகரின் மரபும் தோட்டத்தின் மறதியும்

மலாக்கா நகரம் ஜார்ஜ் டவுனோடு இணைந்து 2008 சூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பொய்யாத விநாயகர் கோயில் நிற்கும் தெருவும் அதனுள் அடங்கும். மலாய்க்காரர், பாபா நியோன்யா, செட்டிகள், போர்த்துகீசிய வழியினர் ஆகிய நான்கு சமூகத்தாரும் பயிலும் டொண்டாங் சாயாங் கலை 2018-இல் மானுடத்தின் அருவ மரபாக ஏற்கப்பட்டது. ஒருவர் பாடும் பந்துனுக்கு மற்றொருவர் அந்நேரமே எதிர்ப்பாட்டுக் கட்டிப் பாடுவது அக்கலையின் உயிர்நிலை. அன்றாட வழக்கில் தமிழை இழந்து மலாய்மொழியைத் தழுவிய செட்டிகள், இப்பாட்டின் வழி மலாக்காவின் பொதுமரபில் தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளனர்.

நிரைக்கு நிரை எதிர்ப்பாட்டுப் பாடிய தோட்டத் தமிழரோ மொழியை இழக்கவில்லை, பாடும் இடத்தை இழந்தனர். ஒரே மாநிலத்தில், சில கல் இடைவெளியில், எதிர்ப்பாட்டு மரபுகள் இரண்டு வழங்கின. ஒன்று உலகப் பட்டியலில் ஏறியது. மற்றொன்று முதியோர் சிலரின் நாவில் மட்டும் எஞ்சியது. இதனைச் செட்டிகளுக்கோ பிற சமூகத்தார்க்கோ எதிரான குறையாக நாம் கூறவில்லை. நகரில் கட்டடமும் தெருவும் நிலைத்திருந்தன, மரபு அவற்றைப் பற்றிக்கொண்டு நின்றது. தோட்டத்தில் வீடே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தமையால், மரபுக்குப் பற்றுக்கோடு இல்லாது போயிற்று.

முடிவுரை

தோட்ட நினைவைப் பாடும் இசைக் காணொளிகளை வெறும் உணர்ச்சிப் பெருக்கென்று ஒதுக்குதல் தகாது. ஆவணம் சொல்லாததைச் சொல்லும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. ஆயினும், அவை எதனைக் காட்டுகின்றன என்பதோடு எதனை இடம் மாற்றுகின்றன என்பதையும் நோக்குதல் ஆய்வாளர் கடமையாகும். மலாக்காத் தோட்டங்களில் தனிமை என்பது தொழில் சுமத்திய ஒன்று. பாட்டு அத்தனிமையை வென்ற கருவி. இன்று பாட்டைக் கொண்டே அத்தனிமையை அழகுபடுத்தினால் நாம் அவர்களது பாட்டின் பயனைத் தலைகீழாக்கியவர்களாவோம்.

நிரைப்பாட்டை அறிந்தோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். அவர்களது குரல், பாடிய சூழல், தோட்டத்தின் பெயர், பிரிவு, நிரை ஆகியவற்றோடு பதிவுசெய்யப்பட வேண்டும். இப்பணியை மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளே தொடங்கலாம். 'தோட்டம்' என்னும் சொல்லை இன்னும் பெயரில் சுமப்பவை அவையே. காணொளி எடுக்க விழையும் இளைஞர்க்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. முதற்படியைத் தொகுத்தவுடன் அதனை அதில் தோன்றுபவர்க்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு விடை கிடைத்தபின் வெளியிடுங்கள்.